உண்ணாத வாயும் ஓயாத கிருமியும்

படுக்கையில் விழுந்துவிட்ட முதியவர் ஒருவருக்கு, மூக்கின் வழியே செலுத்திய குழாயின் மூலம் பாலும் கஞ்சியும் ஊட்டப்படும்போது, அவரைச் சூழ்ந்திருக்கும் உற்றார் பெரும்பாலும் ஓர் எண்ணத்திற்கு வந்துவிடுகின்றனர். உண்ணாத வாய்க்கு அழுக்கு ஏது என்பதே அவ்வெண்ணம். சமைக்காத பானையைக் கழுவுவார் உண்டோ? அதுபோல, வாய்வழியாக ஒரு பருக்கையும் செல்லாதவருக்குப் பல் துலக்கிவிட வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் கருதுகின்றனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கருத்து, உண்மைக்கு நேர்மாறானது. உண்ணும் வாயைக் காட்டிலும் உண்ணாத வாயிலேதான் தீய கிருமிகள் விரைந்து குடியேறுகின்றன. அவை மூச்சுக்குழல் வழியே நுரையீரலை அடைந்து நிமோனியாக் காய்ச்சலை மூட்டுகின்றன. பக்கவாதத்திற்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ மருத்துவம் பெற வந்தவர், அந்நோய் தணிந்துவரும் வேளையில், வந்தபோது இல்லாத ஒரு காய்ச்சலுக்குப் பலியாவது உலகெங்கும் மருத்துவமனைகள் கண்டுவரும் நிகழ்ச்சியாகும்.

இவ்வுண்மை நேற்றோ இன்றோ அறியப்பட்டதன்று. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதன் முதல் இழை மனிதர் கைக்குக் கிட்டியது. பின்னர் அஃது அளவுக்கு மீறிப் பெரிதாக்கப்பட்டது, அதனாலேயே வெறுத்து ஒதுக்கப்பட்டது, மீண்டும் கண்டறியப்பட்டது. இந்த வரலாற்றை அறிந்துகொள்வது, முதியோர் பலர் வாழும் பேராக் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வெறும் அறிவு விருந்தன்று. வீட்டுக்கு உதவும் பாடமுமாகும்.

முன்னோர் வகுத்த ஒழுங்கு

பல் துலக்குதல் தமிழர்க்குப் புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, வைகறையில் எழுந்து செய்யத்தக்க கடமைகளைத் தொகுத்துரைக்கும்போது, கோல் மென்று பல் துலக்கிக் கண் கழுவிய பின்னரே தெய்வத்தைத் தொழ வேண்டும் என்று விதிக்கின்றது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்ற பழமொழியை அறியாத தமிழரில்லை. உமிக்கரியும் உப்பும் கொண்டு பல் விளக்கும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி மலாயாவின் தோட்ட லயங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் இவ்வொழுங்கு முழுவதும், எழுந்து நடமாடக்கூடிய ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்வதற்கு உரியதாகும். குச்சியை மெல்லும் வலுவில்லாதவருக்கு, கொப்புளிக்கும் நீரைத் துப்ப இயலாதவருக்கு, யார் பல் துலக்குவது? பிணியாளரைப் பேணுவதற்குத் தனியே ஆட்களை அமர்த்தும் முறையும் தமிழ்நாட்டில் பழமையானதே. காஞ்சிபுரத்தை அடுத்து மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகின்றது. அங்கே மருத்துவரும் அறுவை செய்வாரும் மூலிகை கொணர்வாரும் மட்டுமல்லாமல், பிணியாளரைப் பேணுவதற்கென்றே பெண்டிர் இருவரும், நாவிதர் ஒருவரும், நீர் கொணர்வார் ஒருவரும் ஊதியம் குறிக்கப்பட்டு அமர்த்தப்பட்டிருந்தனர். உடம்பின் தூய்மை மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதையும், அதற்கெனப் பெயர் குறித்த பணியாள் வேண்டும் என்பதையும் அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். இப்பணியாள் யார் என்னும் கேள்வி, இவ்வரலாறு முழுவதும் நம்மைத் தொடர்ந்து வரும்.

டெல்ப்ட் நகரத்து வணிகர்

ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரில் அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் வாழ்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவர், தம் கையாலேயே வில்லை தேய்த்து உருப்பெருக்கிக் கருவிகள் செய்து, கண்ணுக்குப் புலப்படாத உலகைக் கண்டு வந்தார். 1683ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டன் அரச கழகத்திற்கு அவர் வரைந்த மடல், வாய்க்கிருமிகளின் வரலாற்றில் முதல் ஏடாகும். நாள்தோறும் உப்பால் பல் தேய்க்கும் வழக்கமுடைய அவர், அவ்வாறு தேய்த்த பின்னும் பல்லிடுக்கில் எஞ்சிய வெண்ணிற மாவை எடுத்து நீரில் கலந்து நோக்கினார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளியும் சுழன்றும் இயங்கக் கண்டார். பின்னர், வாழ்நாளில் ஒருமுறையும் பல் துலக்கியறியாத முதியவர் ஒருவரின் வாயழுக்கைச் சோதித்தபோது, அவ்வுயிர்கள் அதற்கு முன் தாம் எங்கும் கண்டிராத அளவுக்கு மொய்த்துக் கிடந்ததைக் கண்டு வியந்தார்.

அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் கருதத்தக்கது. புளிக்காடியை அவ்வுயிர்களோடு நேரே கலந்தபோது அவை மடிந்தன. ஆனால் அதே காடியால் வாயைக் கொப்புளித்தபோது, பல்லின்மேல் படிந்த மாவின் வெளிப்புறத்திலிருந்தவை மட்டுமே மடிந்தன, உள்ளிருந்தவை உயிரோடிருந்தன. பல்லின்மேல் கிருமிகள் தனித்தனியே வாழ்வதில்லை. பசை போன்ற ஒரு படலத்தைத் தம்மைச் சுற்றி எழுப்பிக்கொண்டு, கோட்டைக்குள் குடிகள்போல் வாழ்கின்றன. மருந்துநீர் கோட்டை மதிலை நனைக்குமேயன்றி உட்புகாது. அம்மதிலை உரசித்தான் இடிக்க வேண்டும். இக்காலத்து அறிவியலார் விரிவாக விளக்கும் இவ்வுண்மையின் வித்தினை அவ்வணிகர் அன்றே கண்டுவிட்டார் எனலாம். ஆயின் அவ்வுயிர்கள் நோய் விளைப்பன என்பதை அவரும் அறிந்திலர். அவர் மடலைப் படித்தோரும் அறிந்திலர். அதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மிகையால் கெட்ட உண்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாஸ்டர், கோக் என்னும் பேரறிஞர்கள் கிருமிகளே தொற்றுநோய்களுக்குக் காரணமென நிறுவினர். பெர்லினில் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், 1890ஆம் ஆண்டில் மனித வாயின் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். உணவிலுள்ள மாவையும் சர்க்கரையையும் வாய்க்கிருமிகள் புளிக்கச் செய்து, அப்புளிப்பினால் பல்லை அரிக்கின்றன என்று அவர் காட்டினார். அடுத்த ஆண்டே, வாயானது உடலின் பிற உறுப்புகளுக்கும் நோய் பரப்பும் ஊற்றாகக்கூடும் என்றும் எழுதினார்.

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் இக்கருத்தை முழக்கமாக்கினார். 1900ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், வாயின் சீழே பல நோய்களுக்கு மூலமென்று எழுதினார். 1910ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியால் நகரில் ஆற்றிய உரையில், அழுகிய பல்லின்மேல் பொன் மூடி கவிக்கும் பல் மருத்துவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர் கூற்றில் உண்மையிருந்தது. ஆயின் அவரைப் பின்பற்றியோர் எல்லை கடந்தனர். மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. சோர்வா, பல்லைப் பிடுங்கு என்றாயிற்று. அமெரிக்காவில் டிரென்டன் நகரத்து மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன் என்பார், பித்துக்கும் பல்லே காரணமெனக் கொண்டு, நோயாளிகளின் பற்களையும் பிற உறுப்புகளையும்கூட அகற்றினார். அறுவையால் மாண்டோர் பலர்.

1938ஆம் ஆண்டில் சிசில், ஆஞ்சவின் என்னும் இரு மருத்துவர்கள், மூட்டுவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சதையையும் அகற்றியதால் பயனேதும் விளையவில்லை என்று அறிவித்தனர். அதன்பின் அக்கொள்கை சரிந்தது. அது சரிந்தபோது, அதனுள்ளிருந்த மெய்யும் உடன் புதைந்தது. பொய்யான மருத்துவத்தை விலக்கிய உலகம், வாய்த்தூய்மையைப் பற்றிய நியாயமான அக்கறையையும் சேர்த்தே விலக்கிற்று.

புதைவதற்கு வேறு காரணமும் இருந்தது. 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல் மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி தோன்றியது முதல், வாய் ஒரு துறைக்கும் எஞ்சிய உடம்பு மற்றொரு துறைக்குமெனப் பங்கிடப்பட்டன. மலாயாவுக்கு அண்மையில் 1929ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பல் மருத்துவப் பயிற்சி தொடங்கியபோதும் அப்பிரிவினை நிலைபெற்றிருந்தது. நோயாளியின் நுரையீரலை நோக்கும் மருத்துவர் பல்லை நோக்குவதில்லை. பல்லை நோக்குவோர் நோயாளியின் கட்டிலருகே வருவதில்லை.

பேராக் தோட்டங்களில்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். தைப்பிங் மருத்துவமனை 1880ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1877இல், கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்கன்றுகளின் வழிவந்த தொழிலே தமிழரைக் கூட்டம் கூட்டமாகப் பேராக் மண்ணுக்கு அழைத்து வந்தது. 1912ஆம் ஆண்டிலும் 1923ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தொழிற் சட்டங்கள், தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டுமெனப் பணித்தன. தோட்டந்தோறும் டிரசர் என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர், காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் தந்து வந்தார். மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு போராடிய அக்காலத்தில் வாய்த்தூய்மை பற்றி எண்ண எவருக்கு நேரமிருந்திருக்கும்?

மேலும், அன்றைய தோட்டத்தில் முதுமை என்பதே அரிய காட்சி. 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆட்களை அழைத்து வருவதற்கும், உழைக்க இயலாதாரைத் திருப்பியனுப்புவதற்கும் பயன்பட்டது. 1930 முதல் சில ஆண்டுகள் நீடித்த உலகப் பொருளாதார மந்தத்தில் பெருந்தொகையினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். உழைப்பு மலாயாவில், முதுமை தமிழகத்தில் என்பதே அன்றைய ஏற்பாடு. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. பின்னர் யுத்தமும், 1957இல் சுதந்திரமும் வந்தன. பேராக்கிலேயே பிறந்து, அங்கேயே பால்வெட்டி, அங்கேயே முதுமையடையும் தமிழர் தலைமுறை உருவாயிற்று. ஆகவே, பேராக் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் முதிய தமிழர் என்பவர், வரலாற்றுக் கண்கொண்டு நோக்கின், புதியவரே ஆவார். அவரைப் பேணும் மரபு நம்மிடையே இன்னும் முழுமையாக உருவாகவில்லை.

பல் நலத்திற்கென அரசு எடுத்த முதற்பெரு முயற்சி சிறுவரை நோக்கியே இருந்தது. 1921ஆம் ஆண்டில் நியூசிலாந்து தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, 1949ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அஃது அரும்பயன் தந்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதியோர் அதன் எல்லைக்குள் வந்தாரில்லர். 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யச் சட்டம் பிறந்தது. பின்னர்ப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பலர் தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சென்றனர். பழைய டிரசரும் இல்லை. பழைய மருந்தறையும் இல்லை. முன்னாள் தோட்டத் தொழிலாளர் இன்று நோயுற்றால், ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளையே நாட வேண்டியவராகின்றனர்.

வாயில் தோன்றும் சீழ் வாயோடு நிற்பதில்லை என்பதற்கு ஈப்போ அறிந்த துயரச் சான்று ஒன்றுண்டு. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பாப்பான் சிற்றூரில் போராளிகளுக்கு மருத்துவம் புரிந்தவர் தாதி சிபில் கார்த்திகேசு அம்மையார். அதற்காகச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளான அவர், ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் காலமானார். சிறையில் தாடையில் பட்ட உதையின் பழம்புண்ணிலிருந்து நச்சு இரத்தத்தில் கலந்ததே அவர் இறப்புக்குக் காரணமென வரலாறு குறிக்கின்றது. அவர் முதியவரல்லர், அவர் புண்ணும் கொடுமையால் விளைந்தது. ஆயினும் தாடையிலிருந்து குருதிக்குள்ள தூரம் எத்துணைக் குறுகியது என்பதை அவர் முடிவு நமக்கு உணர்த்துகின்றது. வாயிலிருந்து நுரையீரலுக்குள்ள தூரமோ அதனினும் எளிதிற் கடக்கத்தக்கது.

கட்டிலில் நிகழும் மாற்றம்

கனடாவில் பிறந்த மருத்துவப் பேராசிரியர் ஆஸ்லர், 1898ஆம் ஆண்டுப் பதிப்பில் நிமோனியாவை முதியோரின் நண்பன் எனக் கருதலாம் என்று எழுதினார். துன்பம் நீடிக்காமல் விரைவில் முடிவு தருவது என்பது அவர் கருத்து. 1940களில் பெனிசிலின் பரவிய பின்னர், நிமோனியாவை ஊசியால் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஒருபுறம் விதியென்ற எண்ணம். மறுபுறம் மருந்துண்டு என்ற எண்ணம். இவ்விரண்டிற்குமிடையே, அக்காய்ச்சல் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஜோஹன்சன் முதலிய மருத்துவர்கள் அக்கேள்விக்கு விடை தந்தனர். நலமுடையோர் தொண்டையில் பெரும்பாலும் காணப்படாத கொடிய கிருமியினங்கள், மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளின் தொண்டையில் காணப்பட்டன. நோயின் கடுமை ஏற ஏற அவற்றின் தொகையும் ஏறிற்று. மருத்துவமனைக் காற்று மட்டுமே இதற்குக் காரணமன்று. நோயுற்ற உடம்பே அவற்றுக்கு இடங்கொடுக்கின்றது என்பது தெளிவாயிற்று.

அது நிகழும் விதம் இதுவாகும். மனித வாயில் ஏறத்தாழ 700 இனக் கிருமிகள் வாழக்கூடுமென அறிவியலார் கணித்துள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில, தீயன நுழையாமல் காவலாகவும் நிற்பன. நலமுடையவர் வாயில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகின்றது. அந்நீர் கிருமிகளை ஓயாது கழுவி இரைப்பைக்குள் தள்ளுகின்றது. மெல்லுதலும் விழுங்குதலும் பேசுதலும் அந்நீரை ஊறச் செய்கின்றன. உண்ணாதவருக்கோ மெல்லுதல் இல்லை. ஆகவே ஊற்று வற்றுகின்றது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் வாயை உலர்த்துவன. வாயால் மூச்சு விடுதலும், உயிர்வளி முகமூடியும் மேலும் உலர்த்துகின்றன. நலமுடையோர் வாய்த்தோலின்மேல் படிந்திருக்கும் ஒருவகைப் புரதப் பூச்சும் கடுநோயில் கரைந்துவிட, தீய கிருமிகள் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கின்றது. பல்லிலும் நாவிலும் பொய்ப்பல்லிலும் வழுவழுப்பான படலம் தடித்து வளர்கின்றது.

பின்னர் அக்கிருமி கீழிறங்குவது எங்ஙனம்? 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமுடையோரிலும் நூற்றுக்கு 45 பேர் உறக்கத்தில் தம் உமிழ்நீரைச் சிறிதளவு மூச்சுக்குழலுக்குள் வாங்கிக்கொள்வதும், உணர்வு மங்கியோரில் அது நூற்றுக்கு 70 ஆக உயர்வதும் தெரியவந்தன. நலமுடையவர் இருமி வெளியேற்றுகின்றார், கிருமியும் குறைவு. பக்கவாதமுற்றவருக்கோ இருமலும் வலுவற்றது. உமிழ்நீரோ கிருமி செறிந்தது. மூக்குக் குழாய் உணவை இரைப்பைக்குக் கொண்டு செல்லுமேயன்றி, உமிழ்நீர் மூச்சுக்குழலில் இறங்குவதைத் தடுக்காது.

ஜப்பான் காட்டிய வழி

முதியோர் மிகுந்த நாடாகிய ஜப்பான் இவ்வாய்வில் முன்னின்றது. முதியோர்க்கு வரும் நிமோனியாவைச் செண்டாய் நகரத்து அறிஞர்கள் ஆராய்ந்து, 1994ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அந்நோயுற்றோரில் நூற்றுக்கு 71 பேர், தமக்கே தெரியாமல், இருமலும் எழாமல், உறக்கத்தில் உமிழ்நீரை உள்வாங்குவதை அவர்கள் கண்டனர். அந்நோயில்லாத முதியோரிலோ அது நூற்றுக்கு 10 மட்டுமே.

அடுத்து யோனேயாமா முதலியோர், 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுக் காலம் சோதனை நடத்தி, 2002ஆம் ஆண்டில் முழு விவரம் தந்தனர். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் தூரிகையால் வாயைத் துலக்கிவிட்டனர். பல் மருத்துவப் பணியாளர் வாரந்தோறும் வந்து கவனித்தனர். மறு பிரிவினர் வழக்கம்போல் தம் போக்கில் விடப்பட்டனர். துலக்கிவிடப்பட்ட 184 பேரில் 21 பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கிவிடப்படாத 182 பேரில் 34 பேருக்கு வந்தது. அந்நோயால் இறந்தோர் தொகை முன்னவரில் 14; பின்னவரில் 30. பல்லே இல்லாத முதியோருக்கும் இதனால் நன்மை விளைந்தது என்பது கருதத்தக்கது. பல் போன வாய்க்குத் துலக்கல் வேண்டா என்ற எண்ணமும் இதனால் பொய்ப்பட்டது.

பொய்ப்பல்லைப் பற்றியும் ஜப்பானியர் ஒன்றைக் கண்டறிந்தனர். தோக்கியோ நகரில் எண்பத்தைந்து வயதைக் கடந்த 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, இரவிலும் பொய்ப்பல்லைக் கழற்றாது உறங்குவோருக்கு நிமோனியா நேரும் வாய்ப்பு இரு மடங்கினும் மிகுந்திருக்கக் கண்டு, 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 834 முதியோரிடையே நடந்து 2015ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனையில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வட கரோலினாவில் 14 இல்லங்களில் நடந்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு சோதனையில், முதலாண்டில் நிமோனியா குறைந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அக்குறைவு நிலைக்கவில்லை. ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால் போதாது. நாள்தோறும் செய்யப்படுகின்றதா என்று பார்ப்பாரும் வேண்டும் என்று இதனைப் பொருள் கொள்வது பொருந்தும்.

கழுவுநீரா, தூரிகையா?

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவமனைத் தாதியர் கையில் வாய்த்தூய்மைக்கெனப் பஞ்சுருண்டையும் கிளிசரினும் இருந்தன. எலுமிச்சைச் சாறு கலந்த கிளிசரின் நாவுக்கு இதமாயிருந்தது. ஆனால் அது வாயை மேலும் உலர்த்துவதும் பல்லை அரிப்பதும் பின்னர்த் தெரியவந்தன. அடுத்து 1950களில் இங்கிலாந்தில் உருவாகிய குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிக்கொல்லி வாய்க்கழுவுநீராகப் புகழ் பெற்றது. 1992ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகர் அறிஞர் ஸ்கேனபியெக்கோ முதலியோர், தீவிரச் சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் பற்படலத்திலேயே நுரையீரல் நோய்க் கிருமிகள் குடிகொண்டிருப்பதைக் காட்டினர். அதன்பின் அந்நீரின் பயன்பாடு மேலும் பரவிற்று. ஆயின் 2014ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தொகுப்பாய்வுகள், செயற்கைச் சுவாசத்திலிருக்கும் நோயாளிகளுக்கு அதனால் தீங்கு நேரக்கூடுமோ என்ற ஐயத்தை எழுப்பின. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவமனைத் தொற்றியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டு நெறி, அத்தகையோருக்கு அம்மருந்து நீரின்றித் தூரிகையால் துலக்குவதையே பரிந்துரைத்தது.

2023ஆம் ஆண்டின் இறுதியில், பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 15 சோதனைகளையும் 2,786 நோயாளிகளையும் ஒருசேரத் தொகுத்து நோக்கினர். பல் துலக்கிவிடப்பட்டோரில் மருத்துவமனை நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இறப்பும் குறைந்திருந்தது. செயற்கைச் சுவாசம் பெற்றோரிடத்தே இப்பயன் தெளிவாகக் காணப்பட்டது. மற்றையோரைப் பற்றிய சோதனைகள் இன்னும் மிகுதியாக வேண்டும். நாளைக்கு இருமுறை துலக்குவதே போதுமென்பதும் புலனாயிற்று. காடியால் கொப்புளித்தும் சாகாத கிருமிகளைக் கண்ட டெல்ப்ட் வணிகரின் சோதனையை, முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மருத்துவ உலகம் வேறொரு வழியே சென்றடைந்திருக்கின்றது.

செய்யத்தக்கன

இவ்வறிவைக் கட்டிலருகே பயன்படுத்துதல் கடினமன்று. முதலில், நோயாளிக்கு விழுங்குவதில் இடர் உண்டா என்று தாதியரிடம் கேட்டறிதல் வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி அமர்த்தியோ, இயலாவிடின் ஒருக்களித்துப் படுக்கவைத்தோ துலக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவர் வாயில் நீர் ஊற்றலாகாது. மென்மையான சிறு தூரிகையும், பட்டாணியளவினும் குறைந்த பசையும் போதும். பல், ஈறு, நா, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மெல்லத் தேய்த்து, ஊறுவதை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். கடித்துவிடக்கூடுமாதலால் பற்களுக்கிடையே விரலை நுழைக்கலாகாது. பொய்ப்பல்லை இரவில் கழற்றித் துலக்கி நீரில் இட்டுவைக்க வேண்டும். உலர்ந்த உதட்டுக்கு ஈரமூட்டும் களிம்பு தடவலாம்.

நெடுங்காலம் வெற்றிலை பாக்கு மென்ற மூதாட்டியரின் வாயைத் துலக்கும்போது மற்றொன்றையும் கவனித்தல் நன்று. 1993, 1994ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் 11,697 பேரிடையே நடந்த தேசியக் கணக்கெடுப்பில், வாய்த்தோலில் காணும் கேடுகள் இந்தியரிடையே மிகுந்திருந்தன. வெற்றிலை மெல்லுதல் அதற்கொரு முக்கிய காரணம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. செங்கறையின் கீழே வெண்படலமோ ஆறாப் புண்ணோ இருப்பதைத் துலக்குகின்றவரே முதலில் காண்பார்; கண்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

யாருடைய பணி?

லீவன்ஹூக் கண்ணாற் கண்டார், மில்லர் விளக்கினார், ஹண்டர் முழங்கினார், ஜோஹன்சன் அளந்தார், ஜப்பானியர் செய்து காட்டினர். அறிவு ஒருபோதும் பஞ்சமாயிருந்ததில்லை. பஞ்சமாயிருந்தது அதனைச் செய்யும் கையே. மருத்துவர் அது தாதியின் பணி என்பர். தாதியோ ஊசி, மருந்து, குருதியழுத்தம் ஆகியவற்றுக்கிடையே அதனைக் கடைசிக்குத் தள்ளுவர். பல் மருத்துவர் தம்மை எவரும் அழைக்கவில்லை என்பர். உற்றாரோ மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவர். பிறர் வாயைத் துலக்கிவிடுதல் இழிந்த வேலை என்ற எண்ணமும் இவர்கள் எல்லாரிடத்தும் ஓரளவு உண்டு.

பேராக் மாநிலம் மலேசியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. 1930களிலும் 40களிலும் 50களிலும் தோட்டங்களில் பிறந்து, விடியுமுன் விளக்கேந்திப் பால்வெட்டச் சென்றவர்களே இன்று அங்கே முதியோராய் இருக்கின்றனர். அவர்களுக்கு நாள்தோறும் இருமுறை, சில நிமிடம், ஒரு தூரிகை போதும். விலையுயர்ந்த கருவியும் வேண்டா. வெளிநாட்டு மருந்தும் வேண்டா. மருத்துவமனைகள் இப்பணிக்கு ஆள் குறித்து, செய்தமையை ஏட்டில் பதிந்து, உற்றாருக்கும் கற்றுத்தருமாயின், உற்றாரும் தாதியரைக் கேட்டறிந்து தம் கையாலும் செய்வாராயின், தடுக்கத்தக்க மரணங்கள் சில தடுக்கப்படும். பதினைந்தே கட்டில்கள் கொண்ட திருமுக்கூடல் ஆதுலர்சாலை, பிணியாளரைப் பேணும் பெண்டிரையும் நீர் கொணர்வாரையும் மருத்துவருடன் ஒரே கல்லில் பொறித்து வைத்தது. எது பெரிய பணி, எது சிறிய பணி என்பதைக் காட்டிலும், எந்தப் பணி விடுபட்டால் உயிர் போகும் என்று எண்ணிய அறிவு அது.